இன்ஜினியரிங் டிசைன் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்: நாலாவது கட்டத்துக்கு எங்க பட்டறைக்கு வாங்க

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, பிஎச்டி பண்ற தம்பி தங்கச்சிகளே,

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல ஒரு சின்ன பம்ப் கம்பெனியில டிசைனையும் டெஸ்ட் பெட்டையும் (பம்பை ஓட்டிச் சோதிக்கற மேடை) பாத்துக்கற ஆளு நான். எம்இ படிக்கறப்ப உங்க துறை பேப்பரெல்லாம் ஆசை ஆசையா படிச்சவன், இப்பவும் கையில கிடைச்சா படிக்காம விடறதில்ல. ஒரு பொருளை டிசைன் பண்றப்ப மனுஷங்க எப்படி யோசிக்கறாங்க, எங்க சறுக்கறாங்க, அதை எப்படி நல்லா பண்ண வைக்கலாம்னு ஆராயறதுக்குன்னே நம்ம நாட்டுல ஆளுங்க இருக்கீங்க. பெங்களூரு ஐஐஎஸ்சியில இருக்கீங்க, சென்னை ஐஐடியில இன்ஜினியரிங் டிசைனுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, 2006ல பெங்களூருல ஆரம்பிச்ச ஐகார்டுங்கற டிசைன் ஆராய்ச்சி மாநாடு இன்னும் தொடர்ந்து நடந்துட்டு இருக்கு, 2013ல சென்னையிலயே நடந்துச்சு. இதெல்லாம் எனக்குப் பெருமையான விஷயம். அந்தப் பெருமை இருக்கறதாலதான் உரிமையா ஒண்ணு கேக்கறேன்.

நீங்க உருவாக்கற மெத்தட், டூல், செக்லிஸ்ட், சாஃப்ட்வேர் இதெல்லாம் எங்களை மாதிரி பத்து இருபது பேர் வேலை பாக்குற யூனிட்டுல மாசக்கணக்குல இருந்து பாத்து, பிடிச்சுதா பிடிக்கலையான்னு எழுதினது எத்தனை இருக்கும்? "ரெண்டே மாசத்துல விட்டுட்டாங்க, காரணம் இன்னது"ன்னு பட்டவர்த்தனமா எழுதின பேப்பர் எத்தனை இருக்கும்?

இந்தக் கேள்வி நானா கண்டுபிடிச்சது கிடையாது, உங்க துறையே உங்களுக்கு எழுதி வச்ச கேள்விதான். லூசியன் பிளெஸ்ஸிங்கும் ஐஐஎஸ்சி அமரேஷ் சக்ரபர்த்தியும் சேர்ந்து 2009ல டிஆர்எம்னு ஒரு வழிமுறையைப் புத்தகமா போட்டாங்க, டிசைன் ஆராய்ச்சியை ஒழுங்கா எப்படிப் பண்றதுன்னு. அதுல நாலு கட்டம் சொல்றாங்க. எதை ஆராயப் போறோம், எது நடந்தா ஜெயிச்சதா அர்த்தம்னு மொதல்ல தெளிவு பண்ணிக்கறது, அப்புறம் இப்ப டிசைன் நிஜத்துல எப்படி நடக்குதுன்னு போய்ப் பாக்கறது, அதை வச்சு உதவியா ஒரு மெத்தடோ டூலோ செய்யறது, கடைசியா அந்த டூல் போன இடத்துல ஏதாவது மாறுச்சான்னு திரும்பப் போய்ப் பாக்கறது. அந்தக் கடைசிக் கட்டத்துலயும் ரெண்டு விஷயத்தைப் பிரிச்சு வைக்கறாங்க, டூலை ஆளுங்களால பயன்படுத்த முடியுதாங்கறது ஒண்ணு, பயன்படுத்தினதால பொருள் நல்லா வந்துச்சாங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவதுதான் கஷ்டம், ஏன்னா பொருள் செஞ்சு வித்து வாரண்டி முடியற வரைக்கும் காத்திருக்கணும், பிஎச்டிக்கு அவ்வளவு நேரம் கிடையாது. நான் படிச்ச பேப்பர்ல பெரும்பாலானது மூணாவது கட்டத்தோட நின்னுடுது, நாலாவதுங்கற பேர்ல நாலஞ்சு எம்டெக் பசங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஒரு கணக்கு குடுத்து எத்தனை ஐடியா வந்துச்சுன்னு எண்ணிப் பாத்துட்டு "எதிர்காலத்தில் தொழிற்சாலையில் சோதிக்கப்படும்"னு முடிச்சுடறாங்க. அந்த எதிர்காலம் எங்க ஊர்ப் பக்கம் வந்து நான் பாக்கலீங்க.

மாணவர்களை வச்சு சோதிக்கறது வீண்னு சொல்ல வரல, அதை மொதல்லயே சொல்லிடறேன். சோதனைங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குப் புரிய வச்சதே உங்க மாதிரி ஆளுங்க பண்ணின சோதனைங்கதான். பிரெய்ன்ஸ்டார்மிங்கை எடுத்துக்குங்க. ஆஸ்போர்ன்னு ஒரு அமெரிக்க விளம்பரக் கம்பெனிக்காரர் கொண்டு வந்தது, எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து பேசினா ஐடியா கொட்டும்னு உலகமே நம்புச்சு. 1958ல யேல் பல்கலைக்கழகத்துல டெய்லர், பெர்ரி, பிளாக்னு மூணு பேர் அதைச் சோதிச்சாங்க. நாலு பேர் கூடிப் பேசினதையும், தனித்தனியா உக்காந்து எழுதின நாலு பேரோட ஐடியாவை ஒண்ணா சேத்ததையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தனித்தனியா எழுதினவங்கதான் அதிகமா குடுத்திருந்தாங்க. ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் வாயை மூடிக் காத்திருக்கணும்ல, அந்த நேரத்துல யோசனை நின்னுடுதுங்கறதை 1987ல டீலும் ஸ்ட்ரோபேவும் காட்டினாங்க. இதைப் படிச்சதுக்கப்புறம் எங்க யூனிட்டுல மீட்டிங்குக்கு முன்னாடியே எல்லாரையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு வரச் சொல்ல ஆரம்பிச்சோம், வாய் திறக்காத மோல்டர் அண்ணன்கிட்ட இருந்து ஒரு கோர் பிரிண்ட் (வார்ப்பு அச்சுல உள்கூடு உக்கார்ற இடம்) யோசனை அப்படித்தான் வந்துச்சு.

அதே மாதிரி 1991ல ஜான்சனும் ஸ்மித்தும் பண்ணின சோதனை. கொட்டாத காபி கப் ஒண்ணு டிசைன் பண்ணச் சொல்லி, சில பேருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படம் காட்டினாங்க. அதுல ஸ்ட்ரா இருந்துச்சு, ஸ்ட்ரா வைக்கக் கூடாதுன்னும் சொல்லியாச்சு, ஆனாலும் படத்தைப் பாத்தவங்க திரும்பத் திரும்ப அதையே வரைஞ்சாங்க. இதே மாதிரி சோதனையை மாணவர்கள்கிட்ட மட்டுமில்லாம வேலையில இருக்கற இன்ஜினியர்கள்கிட்டயும் வச்சுப் பாத்தாங்க, அங்கயும் கண்ணு பாத்த படத்தையே கை வரையற பழக்கம் தெரிஞ்சுது. எனக்கு இது வெறும் லேப் சமாச்சாரமா தெரியல, எங்க தொழிலோட ஆணிவேரே இதுலதான் இருக்கு, கீழ சொல்றேன்.

நீங்க பாடம் நடத்தற மெத்தட் ஒவ்வொண்ணும் ஒரு இடத்துல ஒரு தேவைக்குப் பொறந்ததுதானுங்க. கியூஎஃப்டி (கஸ்டமர் தேவையை டிசைன் அளவா மாத்தற முறை) 1972ல ஜப்பான்ல மிட்சுபிஷியோட கோபே கப்பல் கட்டும் தளத்துல வந்துச்சு, கப்பல்ங்கறது ஒண்ணே ஒண்ணு செய்யற பெரிய விலைப் பொருள், தப்பா போனா திருப்பிச் செய்ய முடியாது, வாங்கறவர் யாருன்னு பேரோட தெரியும். டிரிஸ் (கண்டுபிடிப்புச் சிக்கலைத் தீக்கற முறை), சோவியத் கடற்படையில மத்தவங்க கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கற வேலையில இருந்த ஆல்ட்ஷுல்லர் 1946ல இருந்து பேட்டன்ட்டா அலசி அலசிப் பாத்து எடுத்தது. ஜெர்மனியில பால், பைட்ஸ் ரெண்டு பேரும் 1977ல எழுதின முறை, பெரிய மெஷினரி கம்பெனிகளோட டிராயிங் ஆபீஸை மனசுல வச்சு எழுதினது, தேவையைத் தெளிவு பண்ணு, கான்செப்ட் எடு, உருவம் குடு, டீடெய்ல் போடுன்னு வரிசையா போகும். அந்தந்த மண்ணுல அது நல்லா வேலை செஞ்சிருக்கும்னு நான் முழுசா நம்பறேன்.

எங்க மண்ணு எப்படின்னு கேளுங்க. இங்க டிசைனர், பர்ச்சேஸ், சேல்ஸ், வாரண்டி எல்லாம் ஒரே ஆளு, பெரும்பாலும் அது ஓனரேதான். பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி அச்சு) செய்யறவர் கணபதி ஏரியாவுல இருப்பாரு, ஃபவுண்டரி இன்னொரு பக்கம், மெஷினிங் ஜாப் ஒர்க்குக்குப் போகும், வைண்டிங் (மோட்டாரோட கம்பிச் சுத்து) வீட்டுலயே பொம்பளைங்க கட்டிக் குடுப்பாங்க, எங்க ஷெட்டுல நடக்கறது அசெம்பிளியும் டெஸ்டிங்கும் மட்டும். ஒரு காஸ்டிங்ல ரெண்டு மில்லி சுவரைக் குறைக்கணும்னா நாலு ஊர் ஆளுங்ககிட்ட பேசணும், அந்தப் பேச்சுதான் எங்களுக்கு டிசைன் ரிவ்யூ. புதுசா ஒரு பொருளை ஒண்ணுமில்லாததுல இருந்து செய்யறது ரொம்ப அபூர்வம். இருக்கற அஞ்சு எச்பியை ஏழரை ஆக்கறது, இருக்கற பவுலுக்கு (இம்பெல்லர் உக்கார்ற கூடு) வேற இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளற சக்கரம்) போடறது, செம்பு விலை ஏறிடுச்சுன்னா ஸ்டாம்பிங் (மோட்டாருக்குள்ள இருக்கற இரும்புத் தகடு அடுக்கு) நீளத்தை மாத்திப் பாக்கறதுன்னு இதுதான் வருஷம் பூரா. பால் பைட்ஸே புது டிசைன், தழுவின டிசைன், அளவு மட்டும் மாத்தற டிசைன்னு மூணா பிரிச்சுத்தான் சொல்றாங்க, ஆனா காலேஜ்ல சொல்லித் தர்றது முதல் வகைக்குத்தான், எங்க வாழ்க்கை ஓடறது மத்த ரெண்டுலயும்.

இப்ப ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், நீங்க எங்க வந்து உக்காரணும்னு நான் எதிர்பாக்கறேன்ங்கறது இதுலதான் இருக்கு.

சப்மெர்சிபிள் பம்ப் (தண்ணிக்குள்ளயே முங்கி ஓடறது) பழுதாகி போர்வெல்ல இருந்து மேல வந்தா அது நேரா கம்பெனிக்கு வராது, பக்கத்து டவுன்ல மோட்டாருக்குத் திரும்பக் கம்பி சுத்தற ரீவைண்டிங் கடைக்குத்தான் போகும். பல்லடம், அவிநாசி, பொள்ளாச்சி, உடுமலை, எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரமா இந்தக் கடைங்க இருக்கும், வாசல்ல மோட்டாரை வரிசையா சாச்சு வச்சிருப்பாங்க. அங்க ஒரு மெக்கானிக் ஒரு மோட்டாரைப் பிரிக்கறதைக் கிட்ட நின்னு பாருங்க. மொதல்ல மோட்டாருக்குள்ள இருக்கற தண்ணியைக் கீழ ஊத்துவாரு, அது நிறத்தைப் பாப்பாரு, கருப்பா இருந்தா கார்பன் தேஞ்சிருக்கு, செம்மண்ணு கலந்து வந்தா மேல சாண்ட் கார்டு (மண்ணைத் தடுக்கற வளையம்) வழியா மண்ணு இறங்கியிருக்கு. அடி மூடியைக் கழட்டி திரஸ்ட் பேரிங்கை (ஷாஃப்டோட பாரத்தைத் தாங்கறது) கையில எடுத்து விரலால தடவிப் பாப்பாரு, பேட் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா ஷாஃப்ட் நேரா இல்ல, எல்லாப் பேடும் சமமா மழுங்கிப் போயிருந்தா தண்ணியில்லாம ஓடியிருக்கு. அப்புறம் வைண்டிங்கை வெளிய இழுப்பாரு. இந்த மோட்டார்ல தண்ணிக்குள்ளயே கம்பி கிடக்கணும்ங்கறதால கம்பி மேல பிளாஸ்டிக் உறை சுத்தியிருக்கும், ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டார்ல ரெண்டு பேஸ் காயில் மட்டும் உறை உருகி ஒட்டிப் போய் மூணாவது பேஸ் காயில் புதுசாட்டம் இருந்துச்சுன்னா அவரு ஒரு வார்த்தைகூட கேக்க மாட்டாரு, "ரெண்டு பேஸ்ல ஓட்டியிருக்காங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாப்பாரு.

அந்த ரெண்டு பேஸ் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. விவசாய லைன்ல மூணு பேஸ் கரண்ட் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும்னு இருந்த காலத்துல, மத்த நேரம் வந்த ரெண்டு பேஸ்ல கன்டென்சர் போட்டு மூணு பேஸ் மோட்டாரை ஓட்டற பழக்கம் ஊருக்கு ஊரு வந்துச்சு, கன்டென்சர் பெட்டியை லோக்கல்லயே செஞ்சு குடுத்தாங்க. பயிர் வாடறப்ப எந்த விவசாயியும் கரண்ட் வரட்டும்னு கையைக் கட்டிட்டு இருக்க மாட்டாரு, அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. ஆனா எங்க ஸ்பெக் ஷீட்ல என்ன இருக்கு? ஐஎஸ் 8034 (சப்மெர்சிபிள் பம்புக்கான இந்தியத் தரநிலை) படி 415 வோல்ட், மூணு பேஸ், 50 சைக்கிள், அவ்வளவுதான். பால் பைட்ஸ் சொல்ற தேவைப் பட்டியல்ல கட்டாயம், விருப்பம்னு ரெண்டு காலம் இருக்குமே, அதுல எந்தக் காலத்துலயும் "கன்டென்சர் போட்டு ராத்திரி ரெண்டு பேஸ்ல ஓட்டுவாங்க"ன்னு ஒரு வரி இருக்காது. கஸ்டமரைக் கேட்டு எழுதுங்கன்னு கியூஎஃப்டி சொல்லுது, போய்க் கேட்டா விவசாயி சொல்லவும் மாட்டாரு, வாரண்டி போயிடும்னு பயம் இருக்கும்ல. அந்தத் தேவை எழுதியிருக்கற ஒரே இடம் அந்த உருகின காயில்தான், அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு அந்த மெக்கானிக்.

கஸ்டமர் யாருங்கறதே இங்க ஒரு பெரிய ஆராய்ச்சிக் கேள்வி. காசு குடுக்கறது விவசாயி, எந்த கம்பெனி பம்ப் வாங்கணும்னு சொல்றது பெரும்பாலும் ரீவைண்டிங் மெக்கானிக்கோ போர் போட்டவரோ, கடையில எதை முன்னாடி வைக்கறதுன்னு முடிவு பண்றது டீலர். தமிழ்நாட்டுல 1990ல இருந்து விவசாயத்துக்கு கரண்ட் இலவசம், அதனால பம்ப்போட எஃபிஷியன்சி ரெண்டு பர்சன்ட் கூடுதுன்னு போய்ச் சொன்னா விவசாயிக்கு அது காசாத் தெரியாது, "வோல்டேஜ் 300க்கு இறங்கினாலும் தாங்குமா"ன்னுதான் கேப்பாரு. இன்னொரு பக்கம் கரண்டுக்கு அரசாங்கம் காசு குடுக்குது, ஸ்டார் ரேட்டிங் வேணும்னு சொல்லுது. மெக்கானிக்குக்கு சீக்கிரம் பிரிச்சு சீக்கிரம் பூட்டற மாதிரி மோட்டார் வேணும். ஹவுஸ் ஆஃப் குவாலிட்டி (கியூஎஃப்டியோட அட்டவணை) வரையறப்ப இடது பக்கம் எழுதறது இதுல யாரோட குரலை? இவங்கெல்லாம் எதிரெதிரா நின்னா எப்படி எடை போடறது? இதை இங்கேயே வந்து பாத்து ஆராஞ்சு ஒருத்தர் எழுதினா எங்க ஊர்ல அத்தனை பம்ப் கம்பெனிக்கும் உதவும், தாராளமா நாலு பிஎச்டிக்குத் தாங்கும்.

காபி கப்புக்கு வர்றேன். எங்க தொழில்ல சாம்பிள் வாங்கிப் பிரிச்சுப் பாத்துச் செய்யறதுங்கறது ஊரறிஞ்ச விஷயம், மறைக்க ஒண்ணுமில்ல. நல்லா ஓடற ஒரு மோட்டாரை வாங்குவாங்க, பிரிப்பாங்க, அளவு எடுப்பாங்க, பேட்டர்ன் செய்யக் குடுப்பாங்க. நான் பாத்த ஒரு ஹவுசிங்ல உள்பக்கம் ஒரு சின்ன ரிப் இருந்துச்சு. பலத்துக்குன்னு வச்சிருப்பாங்கன்னு நினைச்சு மூணு நாலு கம்பெனி அப்படியே எடுத்துப் போட்டிருந்தாங்க. அந்த ஒரிஜினல் பேட்டர்னைச் செஞ்ச பெரியவரைப் பிடிச்சுக் கேட்டப்பதான் தெரிஞ்சுது, அவங்க ஃபவுண்டரியில இரும்பு அந்த மூலைக்கு ஓடாம நின்னுடுச்சாம், அது ஓடறதுக்காக வச்ச வழி அது, பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. வேற ஃபவுண்டரியில வேற இடத்துல கேட் (உருகின இரும்பு உள்ள போற வழி) வச்சு ஊத்தறவங்களுக்கு அந்த ரிப் தேவையே இல்ல, வெட்டியா எடையும் காசும்தான். ஜான்சன் ஸ்மித் லேப்ல பாத்தது எங்க ஊர்ல வருஷக்கணக்கா டன் கணக்குல வார்ப்பா நடக்குது. காப்பி அடிக்காதேன்னு சொல்ற பாடம் எங்களுக்கு உதவாதுங்க, சின்ன யூனிட்டு வேற எப்படிக் கத்துக்கும்? பிரிச்சுப் பாக்கறப்ப ஒவ்வொரு அம்சத்தையும் எப்படிக் கேள்வி கேக்கறது, எது வேலைக்காக வச்சது, எது செய்முறைக்காக வச்சது, எது பழக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு எப்படிப் பிரிக்கறது, இதுக்கு ஒரு மெத்தட் செஞ்சு குடுங்க. பட்டறையிலயே நின்னு பத்து நிமிஷத்துல பண்ற மாதிரி இருக்கணும்.

அந்தப் பெரியவருக்கு இப்ப கண்ணு மங்கிடுச்சு, அவரு தலைக்குள்ள இருக்கற காரணங்களை எழுதி வைக்க ஆளில்ல. டிசைன் காரணத்தைப் பதிவு பண்றதுங்கறது உங்க துறையில பழைய தலைப்புன்னு எனக்குத் தெரியும், கேம்பிரிட்ஜ்ல டிரெட்னு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினியர்கள் கையில குடுத்தாங்க, கேள்வி, பதில், அதுக்கு ஆதரவு, எதிர்ப்புன்னு வரைபடமா போட்டு வைக்கற மாதிரி. அருமையான வேலை. ஆனா எங்க காரணமெல்லாம் இப்ப எங்க இருக்கு தெரியுமா, வாட்ஸாப்ல இருக்கு. காஸ்டிங்கை போட்டோ எடுத்து சிவப்புல வட்டம் போட்டு "இங்க ஊதல் (காத்து ஓட்டை) வருது, ரேடியஸ் கூட வைங்க"ன்னு அனுப்புவாங்க, ஓனர் கார்ல போயிட்டே வாய்ஸ் நோட்டுல "சரி, அஞ்சு வைங்க, ஆனா புஷ் இடிக்காம பாத்துக்குங்க"ன்னு சொல்லுவாரு. தேவை, மாற்று வழி, முடிவு, காரணம் எல்லாம் அந்த முப்பது செகண்ட்ல இருக்கு, ஃபோன் மாத்தினா போச்சு. தமிழ் வாய்ஸ் நோட்டுல இருந்து பார்ட் நம்பர் வாரியா முடிவையும் காரணத்தையும் எடுத்து வைக்கற ஒரு டூலைச் சின்ன யூனிட்டுல நாலு பேரோட வச்சு ஒரு வருஷம் ஓட்டிப் பாத்தா, அது உலகத்துல எந்த மாநாட்டுலயும் நிமிந்து நிக்கற ஆராய்ச்சியா இருக்கும்.

கிரைண்டர் கதையும் இதேதானுங்க. 1955ல சபாபதி எங்க ஊர்ல மொதல் வெட் கிரைண்டரைச் செஞ்சாரு, ஊத்துக்குளிக் கல்லு, அப்புறம் மாவு எடுக்கச் சாய்க்கற மாதிரி டில்டிங் வந்துச்சு, அப்புறம் சமையல் மேடையில வைக்கற டேபிள் டாப் வந்துச்சு, கல்லு உருளையில இருந்து கூம்பாச்சு, இன்னிக்கு புவிசார் குறியீடு வரைக்கும் வந்து நிக்குது. ஒரு வீட்டுப் பொருள் அரை நூற்றாண்டுக்கும் மேல எந்த மெத்தடும் படிக்காத ஆளுங்க கையில படிப்படியா எப்படி மாறுச்சு, ஒவ்வொரு மாத்தத்துக்கும் தூண்டுதல் வீட்டுக்காரம்மாவா, கல்லு கொத்தறவரா, மோட்டார் விலையா, இதைத் தோண்டி எடுத்தா டிஆர்எம்மோட ரெண்டாவது கட்டத்துக்கு அதைவிடப் பெரிய புதையல் கிடைக்காது. அதைச் செஞ்ச தலைமுறை ஆளுங்க இருக்கறப்பவே கேட்டு வைங்க.

ஒரு வருத்தத்தையும் சொல்லணும். ஒரு காலேஜ்ல இருந்து சர்வே எடுக்க வந்தாங்க, பேர் வேண்டாம். இங்கிலீஷ்ல கூகுள் ஃபார்ம், கியூஎஃப்டி எந்த அளவுக்குப் பயன்படுத்தறீங்க, எஃப்எம்இஏ (எது எப்படிப் பழுதாகும்னு முன்கூட்டியே அலசற முறை) எந்த அளவுக்கு, ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள போடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஒர்க்‌ஷாப் ஓனரு எல்லாத்துக்கும் நாலு போட்டாரு. கம்மியா போட்டா கம்பெனி பேரு கெட்டுடும்னு அவருக்கு நினைப்பு, அதோட வந்த பையன் பாவம் வெயில்ல நிக்கறான், சீக்கிரம் முடிச்சு அனுப்பலாம்னு இரக்கம். அந்தப் பையன் பக்கத்துலயே, எஃப்எம்இஏங்கற பேரே தெரியாம, அந்த ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் திரும்பி வந்த பார்ட்டெல்லாம் ஒரு மரப்பெட்டியில போட்டு, எது எந்த ஊர்ல போச்சு, ஏன் போச்சுன்னு சாக்பீஸ்ல எழுதி வச்சிருந்தாரு. பையன் திரும்பிக்கூடப் பாக்கல, ஏன்னா ஃபார்ம்ல அதுக்குக் கேள்வி இல்ல. அந்த நாலுங்கற நம்பர் எங்கயோ ஒரு டேபிள்ல ஏறி, "சிறு நிறுவனங்கள் மெத்தட் பயன்படுத்துகின்றன"ன்னு ஒரு வரியா மாறியிருக்கும்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. சர்வே வேண்டாம்னு சொல்லல, சர்வேக்கு முன்னாடி பத்து நாளாவது அங்க சும்மா நில்லுங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன்.

நல்லா பண்ணினவங்களும் நம்மகிட்டயே இருக்காங்க, அதனாலதான் நம்பிக்கையோட எழுதறேன். சென்னை ஐஐடியில சுஜாதா சீனிவாசன் மேடம் நடத்தற ஆர்2டி2 மையம் (மறுவாழ்வுக் கருவிகளுக்கான ஆராய்ச்சி மையம்) 2019ல ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸோட சேர்ந்து எழுந்து நிக்கற வீல்சேரைக் கொண்டு வந்தாங்க, 2020ல நியோமோஷன் கம்பெனி மூலமா நியோஃப்ளை வீல்சேரும், அதுல மோட்டாரோட மாட்டிக்கிட்டு ரோட்டுல போற நியோபோல்ட்டும் வந்துச்சு, இன்னிக்கு ரோட்டுல ஆளுங்க அதை ஓட்டிட்டுப் போறாங்க. அதுக்கு முன்னாடி 1960களோட கடைசியில ஜெய்ப்பூர் கால், டாக்டர் சேத்தியும் கைவினைக்காரர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து செஞ்சது, வெளிநாட்டுக் கால்ல ஷூ போட்டே ஆகணும், சம்மணம் போட முடியாது, குத்த வச்சு உக்கார முடியாது, வயல்ல வெறுங்காலோட இறங்க முடியாது, அதெல்லாம் முடியற மாதிரி ரப்பர்ல வல்கனைஸ் பண்ணிச் செஞ்சாங்க. ரெண்டுலயும் பயன்படுத்தற ஆளு பக்கத்துலயே இருந்தாரு, செய்யற கையும் பக்கத்துலயே இருந்துச்சு. ஐஐடி டீம்கிட்டயும் அந்த மாதிரி மத்த டீம்கிட்டயும் நான் கேக்கறது, ஜெயிச்ச பொருளோட சேத்து வழியில கைவிட்ட வடிவங்களையும் வெளியிடுங்க, எந்தக் கட்டத்துல எந்த மெத்தட் கை குடுத்துச்சு, எது சும்மா ஃபைலுக்குப் போச்சுன்னு எழுதுங்க. எங்களுக்குப் பாடம் அதுலதான் இருக்கு.

நிதி குடுக்கறவங்களுக்கும் புரொமோஷன் குடுக்கறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. பேப்பர் எண்ணிக்கையை வச்சு மார்க் போட்டா மூணு வருஷம் ஒரே பட்டறையில கிடக்கற ஆராய்ச்சியை எந்த இளம் பேராசிரியரும் எடுக்க மாட்டாரு, அவரு குடும்பத்தையும் பாக்கணும்ல. எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகம் என்ஐடி (தேசிய டிசைன் நிறுவனம்) மூலமா டிசைன் கிளினிக்னு ஒரு திட்டம் நடத்துச்சு, சின்ன கம்பெனிக்கு டிசைனரை அனுப்பி உதவறதுக்கு, ரொம்ப நல்ல நோக்கம். அந்த மாதிரி திட்டத்துல வேலை முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொருள் கடையில இருக்கா, அந்தக் கம்பெனி அடுத்த பொருளை அதே மாதிரி யோசிச்சுச் செஞ்சுதான்னு போய்ப் பாக்கற வேலைக்கு முன்கூட்டியே காசு ஒதுக்கி, அதை ஒரு பிஎச்டியாவே ஆக்கலாமே. பழைய பயனாளிகள் பட்டியலை எடுத்துட்டு ஒருத்தர் இன்னிக்கே கிளம்பலாம்.

எப்படி வர்றதுன்னும் சொல்லிடறேன். மாசியில இருந்து வைகாசி வரைக்கும் வாங்க, அப்பத்தான் தண்ணி இறங்கி மோட்டாருங்க மேல வரும், ரீவைண்டிங் கடைங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடும். தமிழ் பேசற ஆளா அனுப்புங்க. ஃபார்ம் வேண்டாம், ஒரு நோட்டு, கேமரா, வெர்னியர் போதும். பிரிக்கற மோட்டார் ஒவ்வொண்ணுக்கும் ஊரு, போர் ஆழம், எத்தனை நாள் ஓடுச்சு, எது போச்சுன்னு மட்டும் மெக்கானிக் சொல்றதைச் சொல்றபடியே எழுதுங்க, உங்க வகைப்பாட்டை அப்புறம் போட்டுக்கலாம். அவரு வேலை நேரத்தை எடுத்துக்கறீங்க, அதனால தினக்கூலி கணக்குப் பண்ணி ப்ராஜெக்ட் பட்ஜெட்லயே அவருக்கு ஒரு தொகை எழுதிக்குங்க. அவரு சொன்ன காரணம்தான் உங்க பேப்பரோட முடிவா வந்துச்சுன்னா அவரு பேரையும் ஆசிரியர் வரிசையிலயே போடுங்க, கடைசி பக்கத்து நன்றியில வேண்டாம். அடுத்த வருஷம் அதே சீசன்ல, நீங்க செஞ்ச டூலோட திரும்ப வாங்க, அதே கடைங்களுக்கும் அதே கம்பெனிகளுக்கும். எங்க டெஸ்ட் பெட் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல காலியாத்தான் இருக்கும், காசு வேண்டாம், எங்க ஓனர்கிட்ட பேசியாச்சு, அவரு வரச் சொல்லிட்டாருங்க.

அன்போட,
கோயம்புத்தூர்ல இருந்து ஒரு பம்ப் டிசைனர்